அடுத்த கட்சியிலும் ஆள் தேடுங்கள்

  

எதிர்க்கட்சியில் மதிக்கத்தக்க அரசியல்வாதியைத் தேடுவது பயனுள்ள வேலையா, வீண் வேலையா? வீண் வேலை என்று வாதாட வந்த எதிரணித் தலைவர் தன் பேச்சை எப்படித் தொடங்கினார்? "என் மதிப்புக்குரிய எதிரணி நண்பர்களே" என்று தொடங்கினார். நடுவர் அவர்களே, வழக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. ஆனாலும் எனக்குக் கொடுத்த நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காகப் பேசுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எதிர்க்கட்சிக்காரருக்கு வாக்குப் போடுங்கள் என்று எங்கள் அணி சொல்லவில்லை. கட்சி மாறுங்கள் என்றும் சொல்லவில்லை. அவர் செய்த பிழையை மறந்துவிடுங்கள் என்று சொல்லவே இல்லை. முஸ்லிம் காங்கிரசின் மரத்துக்குப் போடுகிறவர் மரத்துக்கே போடட்டும். யானை, மயில், குதிரை, டெலிபோன், திசைகாட்டி எதுவானாலும் அவரவர் விருப்பம். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: உங்கள் சின்னத்தில் நிற்காத ஒருவர் நியாயமான ஒரு காரியம் செய்தால், அது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் வாய் திறந்து சொல்கிறீர்களா?

இந்தப் பக்கத்தில் எதிர்க்கட்சி என்றால் என்ன என்பதே பெரிய கேள்வி. திகாமடுல்ல மாவட்டத்துக்கு 7 ஆசனம். ஒரு கட்சிப் பட்டியலில் 10 பேர் நிற்கலாம். ஒரு வாக்காளருக்கு 3 விருப்பு வாக்கு. விளைவு என்ன? ஒரே கட்சி, ஒரே சின்னம், ஒரே தலைவரின் படம், ஆனால் மூன்றாம் இலக்கக்காரரும் ஏழாம் இலக்கக்காரரும் பெருநாள் தொழுகை முடிந்து கைகொடுத்து முஸாபஹா செய்ய வேண்டிவருமே என்று ஆளுக்கொரு பள்ளிக்குப் போகிறார்கள். சம்மாந்துறைக்காரரா, கல்முனைக்காரரா, அக்கரைப்பற்றுக்காரரா என்ற ஊர்வாதம் வேறு. சொந்தக் கட்சிக்குள்ளேயே மதிக்க ஆள் கிடைக்காத மாவட்டத்தில் வாழ்ந்துகொண்டு, அடுத்த கட்சியில் தேடுவது வீண் என்று எதிரணி சொல்கிறது. நான் சொல்கிறேன், இந்தத் தேடல் இலங்கையில் எந்த ஊருக்குத் தேவையோ இல்லையோ, நமக்குத் தேவை.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "மதிக்கத்தக்கவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சிரித்துப் பேசுகிறவரா, ஜனாஸாவுக்கு வந்து முன்வரிசையில் நிற்கிறவரா, பாலம் திறக்கிறவரா?" என்று கேட்டார். மூன்றும் இல்லை. எங்கள் அணியிடம் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அவர் செய்த அந்தக் காரியத்தால் அவருக்குத் தன் சொந்த ஆட்களிடம் நட்டம் வந்ததா? வந்திருந்தால் நின்று பாருங்கள். கைதட்டல் மட்டும் வந்திருந்தால் கடந்து போங்கள். தன் ஆட்கள் கேட்க விரும்புவதைப் பேசுவதற்குத் தலைவர் வேண்டியதில்லை, ஒலிபெருக்கி போதும். தன் ஆட்கள் கேட்க விரும்பாத நியாயத்தைப் பேச முதுகெலும்பு வேண்டும்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு தூர தேசம் போக வேண்டாம். நம் நெஞ்சில் இன்னும் ஆறாத காயம் ஒன்றுக்கே போவோம்.

2020. கொரோனா காலம். மௌத்தானவர்களை எரிக்க வேண்டும் என்று ஏப்ரல் மாதம் வர்த்தமானி வந்தது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் இங்கே கேட்கவில்லை. நம் உம்மாவை, வாப்பாவை, பிறந்து 20 நாள் ஆன பச்சைக் குழந்தையைக்கூட எரித்தார்கள். பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியதைத் தவிர நம்மால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. அந்த அடிப்படை உரிமை வழக்குகளில் நமக்காக உயர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடிய சட்டத்தரணிகளில் ஒருவர் யார்? இலங்கைத் தமிழரசுக் கட்சியின் எம்.ஏ. சுமந்திரன். 2020 டிசம்பர் 1ஆம் தேதி நீதிமன்றம் அந்த மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளியது. அதற்குப் பிறகும் அவர் பாராளுமன்றத்தில் பேசினார். அதே கட்சியின் மட்டக்களப்பு உறுப்பினர் சாணக்கியனும் பேசினார். 2021 பெப்ரவரி 3ஆம் தேதி பொத்துவிலில் ஒரு நடைபயணம் புறப்பட்டது, 7ஆம் தேதி வடக்கே பொலிகண்டியில் முடிந்தது. காணாமல் ஆக்கப்பட்டோர், காணி பறிப்பு என்று தமிழ் மக்களின் கோரிக்கைகளைச் சுமந்து போன அந்தப் பயணத்தில் நம் ஜனாஸாவும் ஒரு கோரிக்கையாக இருந்தது. அதனால்தான் இந்தக் கரையோர ஊர்களில் நம் பிள்ளைகளும் அதில் போய்ச் சேர்ந்தார்கள்.

எதிரணி நண்பர் அங்கேயிருந்து சைகை காட்டுகிறார். "எல்லாம் வாக்குக்காக" என்கிறார். சரி, கணக்குப் பார்ப்போம். சுமந்திரன் வெற்றிபெற்ற மாவட்டம் யாழ்ப்பாணம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்ட பிறகு அங்கே நம்மவர் வாக்கு எத்தனை மிஞ்சியது? நீங்களும் நானும் ஆசைப்பட்டாலும் சம்மாந்துறையிலிருந்து அவருக்கு ஒரு விருப்பு வாக்குப் போட முடியுமா? முடியாது. வாக்கே இல்லாத இடத்தில் வாக்குக்காகப் பேசினார் என்பது என்ன கணக்கு, நடுவர் அவர்களே?

அந்த விரட்டலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது இனச்சுத்திகரிப்பு என்று வெளிப்படையாகச் சொன்ன தமிழ் அரசியல்வாதி அவர். நாம் சொன்னால் அது முறைப்பாடு. விரட்டியவர்களை வீரர்களாகப் போற்றும் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டிய ஒருவர் சொன்னால் அதற்கு விலை கொடுக்க வேண்டும். தமிழ்த் தேசிய மேடைகளில் அவர் அதற்காக வாங்கிய வசவு கொஞ்சமல்ல. எங்கள் அளவுகோல் கேட்பது இதைத்தான்.

அப்படியானால் தமிழரசுக் கட்சியோடு நமக்குச் சண்டையே இல்லையா? இருக்கிறது. கல்முனை வடக்குப் பிரதேச செயலக விடயத்தில் அவர்கள் ஒரு பக்கம், நாம் மறுபக்கம். நாளைக்கும் அப்படித்தான். எல்லையைப் பற்றி வாதாடுவோம், வழக்குப் போடுவோம், பாராளுமன்றத்தில் மோதுவோம். ஆனால் நம் மையித்துக்காக எழுந்து நின்றவரை, எல்லைப் பிரச்சினைக்காக இல்லையென்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. இந்த ஊரே நெல் ஊர். வரம்புத் தகராறில் பொலிஸுக்குப் போன இரண்டு விவசாயிகளைப் பாருங்கள். பக்கத்து வயலில் இந்தப் போகம் நல்ல விளைச்சல் என்றால், ஆள் அனுப்பியாவது மற்றவர் விதைநெல் வாங்கிவிடுவார் அல்லவா? வரம்பு வழக்கு அதன் பாட்டிலே நடக்கும், விதைநெல் அதன் பாட்டிலே முளைக்கும்.

இப்போது அதே அளவுகோலை நம் பக்கம் திருப்புவோம். அதுதான் இந்தத் தேடலின் உண்மையான பயன்.

ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த அதே காலம். 2020 ஒக்டோபர் 22ஆம் தேதி 20ஆவது திருத்தச் சட்டம் வாக்கெடுப்புக்கு வருகிறது. ஜனாதிபதிக்கு அதிகாரத்தை அள்ளிக்கொடுக்கும் திருத்தம். ஆதரவு 156, எதிர்ப்பு 65. முஸ்லிம் காங்கிரசின் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். அவர் கட்சியின் மற்ற உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். எதிர்க்கட்சி வரிசைக்கு நாம் தெரிவு செய்து அனுப்பியவர்கள் நம் மையித்தை எரிக்கும் அரசாங்கத்துக்குக் கை உயர்த்தினார்கள். காரணங்கள் சொன்னார்கள். அந்தக் காரணங்களை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். ஆனால் அவர்களுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? நான் சொல்கிறேன். இந்த வாக்காளன் எங்கும் போகமாட்டான் என்ற நம்பிக்கையிலிருந்து வந்தது. அடுத்த கட்சியில் நல்லவர் இருந்தாலும் இவன் கண்ணுக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டான் என்ற நம்பிக்கையிலிருந்து வந்தது. எங்கும் போகமாட்டான் என்று தெரிந்துவிட்ட வாக்காளனுக்காக எந்த அரசியல்வாதியும் வேர்வை சிந்தமாட்டார்.

"எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" என்றார் எதிரணித் தலைவர். நீங்கள் பலமாகக் கை தட்டினீர்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் அதிகம் சந்தோஷப்படுகிறவர் யார் தெரியுமா? மட்டைகளிலேயே மோசமான மட்டைதான். எல்லாரும் கள்ளர் என்று ஊர் ஒத்துக்கொண்டால் கள்ளனுக்கு என்ன நட்டம்? நட்டப்படுகிறவர் நேர்மையாக இருக்கப் பார்க்கிற ஒருவர்தான். பத்துப் பேரில் இரண்டு பேரைப் பிரித்தெடுத்துக் காட்ட முடிந்த ஊருக்குத்தான் மிச்சம் எட்டுப் பேர் பயப்படுவார்கள்.

அடுத்தது, எதிரணிச் சகோதரியின் வாதம். இன்றைக்கு எதிரணியில் வந்த கனமான வாதம் அதுதான், ஒப்புக்கொள்கிறேன். "நாம் சிறுபான்மை. பெரும்பான்மைக்கு இந்த ஆடம்பரம் தாங்கும். நாம் எதிர்க்கட்சிக்காரரைப் புகழ்ந்தால் நம் கூட்டுப் பலம் உடைந்துவிடும்" என்றார்.

சகோதரியே, சிறுபான்மையின் வரலாற்றையே எடுத்துப் பார்ப்போம். 1957 ஜூலை 26. பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்கிறார்கள். சுதந்திரக் கட்சி செய்தது என்பதால் ஐக்கிய தேசியக் கட்சி அதை எதிர்க்கிறது. ஜே.ஆர். ஜயவர்தன கண்டிக்கு நடக்கத் தொடங்குகிறார். இம்புல்கொடவில் மறித்தார்கள், ஆனாலும் அடுத்த ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிந்தது. 1965 மார்ச் 24. இப்போது ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனாநாயக்க செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்கிறார். இப்போது யார் எதிர்க்க வேண்டும்? முறைப்படி சுதந்திரக் கட்சி. கூடவே இடதுசாரிகள். தமிழ் மொழிக்கான ஒழுங்குவிதிகள் வந்த 1966 ஜனவரி 8ஆம் தேதி கொழும்பில் ஊர்வலம். டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்று சிங்களத்தில் கோஷம். வடையைக்கூட விட்டுவைக்கவில்லை. இன்னும் வாருங்கள், 2000 ஓகஸ்ட். சந்திரிகா அரசாங்கம் அதிகாரப் பகிர்வோடு புதிய அரசியலமைப்பு வரைவைக் கொண்டுவருகிறது. ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்கள் சபைக்குள்ளேயே அதன் பிரதிகளுக்குத் தீ வைத்தார்கள்.

மூன்று முறை, மூன்று தலைமுறை, ஒரே கதை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டா எதிர்த்தார்கள்? யார் கையெழுத்து என்று பார்த்துவிட்டு எதிர்த்தார்கள். மறுபக்கத்தில் இருப்பவர் செய்ததில் நியாயம் இருக்கலாம் என்று ஒரு தரம் நினைத்துப் பார்த்திருந்தால், 1958, 1983 கலவர ஆண்டுகளும் 1990உம் நமக்கு வேறுவிதமாக இருந்திருக்கக் கூடும். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் நின்றவர்களை நாம் இழந்தோம். அதே மாதம், இதோ கூப்பிடு தூரத்தில், வீரமுனையில் தமிழர்கள் தங்கள் உறவுகளை இழந்தார்கள். பெரிய கட்சிகள் ஒன்றையொன்று மதிக்க மறுத்ததற்கு விலை கொடுத்தவர்கள் சின்ன சமூகங்கள்தான். அதனால் சொல்கிறேன் சகோதரியே, இது பெரும்பான்மையின் ஆடம்பரம் அல்ல, சிறுபான்மையின் சாப்பாடு.

கூட்டுப் பலம் உடையும் என்கிறீர்கள். கூட்டுப் பலத்தை உண்டாக்கிய மனிதரையே கேட்போம். இந்த மண்ணில், சம்மாந்துறையில், 1948 ஒக்டோபர் 23இல் பிறந்த எம்.எச்.எம். அஷ்ரப். முஸ்லிம் காங்கிரசைக் கட்டி எழுப்பியவர். அவரைவிட ஒற்றுமை பேசியவர் இருக்கிறாரா? அந்த மனிதர் 1977இல் எந்த மேடையில் நின்றார்? தமிழர் விடுதலைக் கூட்டணியின் மேடையில். பிறகு வழி பிரிந்தார், தனிக் கட்சி கண்டார், அவர்களோடு கடுமையாக முரண்பட்டார். மறுபக்கத்தை உள்ளே இருந்து அறிந்திருந்ததால்தான் பேரம் பேசவும் தெரிந்தது.

1978 அரசியலமைப்பில் ஒரு வெட்டுப்புள்ளி இருந்தது. ஒரு மாவட்டத்தில் 12.5 வீத வாக்கு எடுக்காத கட்சிக்கு ஆசனம் இல்லை. சின்னக் கட்சிகளின் கழுத்தில் கத்தி. 1988 டிசம்பரில் 15ஆவது திருத்தம் அதை 5 வீதமாகக் குறைத்தது. அஷ்ரப்பின் கோரிக்கை அது, அதை ஏற்றுக்கொண்டவர் ஐக்கிய தேசியக் கட்சியின் பிரேமதாச. யானையை எதிர்த்து வளர்ந்த மரம், யானையிடமே போய் வாங்கிய சலுகை. பிரேமதாசவின் அரசியலில் நமக்கு ஆயிரம் முறைப்பாடு இருக்கலாம், இந்த ஒன்றில் அவர் கொடுத்தார் என்று சொல்வதற்கு என்ன தயக்கம்?

கதை அதோடு முடியவில்லை. அந்த 5 வீதத்தால் ஆதாயம் அடைந்தது முஸ்லிம் காங்கிரஸ் மட்டும்தானா? 2000ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மக்கள் விடுதலை முன்னணிக்கு நாடு முழுவதும் கிடைத்தது 6 வீதம். ஆசனம் 10. வெட்டுப்புள்ளி பழையபடி இருந்திருந்தால் அந்தப் பத்தில் எத்தனை மிஞ்சியிருக்கும்? அந்தச் சின்னக் கட்சிதான் தேசிய மக்கள் சக்தியாக வளர்ந்து 2024இல் 225இல் 159 ஆசனம் எடுத்தது. இந்த ஊரில் திசைகாட்டிக்கு வாக்களித்த தம்பிமார் பலர் இருக்கிறீர்கள். மரத்தை வெட்ட வேண்டும் என்று பேசுகிறீர்கள், பேசுங்கள். உங்கள் கட்சி சின்னதாக இருந்த காலத்தில் அதற்கு நிழல் கொடுத்ததில் அஷ்ரப்புக்கும் பங்கு உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேசுங்கள். மரத்துக்காரர்களுக்கும் சொல்கிறேன். இந்த ஊர் நகர மண்டபம் யார் பெயரில் இருக்கிறது? 1977இல் யானைச் சின்னத்தில் சம்மாந்துறைத் தொகுதியை வென்ற அப்துல் மஜீத் பெயரில். அந்தப் பெயருக்குக் கீழே உட்கார்ந்து நீங்களும் எத்தனை கூட்டம் கேட்டிருக்கிறீர்கள்! யாருக்கும் ஈமான் குறைந்துவிடவில்லை.

இனி, எதிரணி கடைசியாக வைத்த வாதம். "இன்றைக்கு மதிக்கிற ஆள் நாளைக்கு மாறிவிடுவார், பிறகு வெட்கப்பட வேண்டிவரும்" என்றார்கள். இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவை உதாரணம் காட்டினார்கள். நல்ல உதாரணம், எனக்குத்தான் உதவும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் அவர் எச்சரித்தார். மொழி ஒன்று என்றால் நாடு இரண்டாகும், மொழி இரண்டு என்றால் நாடு ஒன்றாக இருக்கும் என்பது அவர் பேச்சின் சாரம். அன்றைக்குச் சிங்கள வாக்காளர் முன்னால் அப்படிப் பேசுவது தன் காலில் தானே வெட்டுவது. அதே கொல்வினின் கட்சி 1966இல் அந்த வடை ஊர்வலத்தில் நின்றது. 1972இல் அதே கொல்வின் அமைச்சராக இருந்து உருவாக்கிய அரசியலமைப்பு, சிங்களத்தை அரச மொழியாக அரசியலமைப்பிலேயே எழுதியது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது.

இதனால் 1956இல் அவரை மதித்தவர்கள் முட்டாள்கள் ஆகிவிட்டார்களா? நேர்மாறு, நடுவர் அவர்களே. 1972 கொல்வினைக் கூண்டில் ஏற்ற நம்மிடம் இருக்கும் பலமான சாட்சி யார்? 1956 கொல்வின்தான். அன்று அவர் சொன்ன நியாயத்தை நினைவில் வைத்திருந்தவர்களுக்கே, "நீர்தானே சொன்னீர்" என்று கேட்கும் உரிமை இருந்தது. அன்றே "இவனும் மட்டை" என்று ஒதுக்கியவர்களுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. நாங்கள் ஆளுக்கு அடிமை ஓலை எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. காரியத்துக்குக் காரியம் மதிப்புப் போடச் சொல்கிறோம். நல்லது செய்தால் வரவில் எழுதுங்கள், கெட்டது செய்தால் செலவில் எழுதுங்கள். ஒரே பக்கம் மட்டும் எழுதுகிற கணக்குப்பிள்ளையை எந்த முதலாளி வைத்திருப்பார்?

இவ்வளவு சொல்லியும் மனம் வராதவர்களுக்கு, நம் எல்லாருக்கும் மேலான ஓர் உதாரணம். தாயிப் நகரத்து மக்கள் கல்லால் அடித்துத் துரத்திய பிறகு, நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மக்காவுக்குத் திரும்பி வருகிறார்கள். உள்ளே நுழைய யாராவது பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் யார்? முத்இம் இப்னு அதீ. அவர் இஸ்லாத்தை ஏற்றவர் அல்லர், ஏற்காமலே மரணித்தவர். ஆனால் தன் பிள்ளைகளை ஆயுதத்தோடு நிறுத்தித் தன் குலத்தாரின் கோபத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார். நம் அளவுகோல் அப்படியே பொருந்துகிறதா இல்லையா? அவர் இறந்த பிறகு பத்ர் போர் வந்தது. எதிரிகளில் 70 பேர் கைதிகள். நபியவர்கள் என்ன சொன்னார்கள்? முத்இம் உயிரோடு இருந்து இவர்களுக்காக என்னிடம் பேசியிருந்தால், அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்ற கருத்தில் சொன்னார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி. போர் முடிந்து வாளில் ஈரம் காயவில்லை. எதிர்த்தரப்பில் இருந்த ஒரு மனிதரின் நல்ல காரியம் அந்த நேரத்திலும் அவர்களுக்கு நினைவில் இருந்தது. நாம் விருப்பு வாக்கில் தோற்றதற்கே மச்சானின் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கிறோம்.

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் பார்க்கிறீர்கள். கடைசியாக நடைமுறைக்கு வருகிறேன். கிழக்கு மாகாண சபைக்கு 37 ஆசனம். 2012இல் நடந்த கடைசித் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் தனித்து 19 கிடைக்கவில்லை. தமிழரசுக் கட்சிக்கு 11, முஸ்லிம் காங்கிரசுக்கு 7. ஆனால் 2015இல் முதலமைச்சரானவர் முஸ்லிம் காங்கிரசின் ஹாபிஸ் நசீர் அஹமட். 11 பேர் வைத்திருந்த கட்சி, 7 பேர் வைத்திருந்த கட்சியின் முதலமைச்சரை ஏற்றுக்கொண்டு அவர் அமைச்சரவையில் இரண்டு பொறுப்புகளை எடுத்தது. அந்தக் கட்சிக்குள் முணுமுணுப்பு இல்லாமலா நடந்தது? அதன் மூத்த தலைவர் சம்பந்தன் ஐயா அந்த முணுமுணுப்பைத் தாங்கினார். அது இலட்சிய ஆட்சி என்று நான் சான்றிதழ் தரவில்லை. ஆனால் கிழக்கின் கணக்கு அதுதான். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூன்று சமூகமும் நெருங்கி வாழும் மாகாணத்தில் எந்தக் கட்சியும் தனியாக ஆள முடியாது. அடுத்த தேர்தல் எப்போது நடந்தாலும், முடிவு வந்த இரவே தலைவர்கள் எதிர்க்கட்சிக்காரருக்குத் தொலைபேசி எடுப்பார்கள். அவர்கள் எடுப்பது ஆசனக் கணக்குப் பார்த்து. அதற்கு முன்னாலேயே யாரோடு பேசலாம், யாரோடு பேசக் கூடாது என்று ஆளைக் கணக்குப் பார்த்து வைப்பது வாக்காளர் வேலை. அந்த வேலையைத்தான் எதிரணி வீண் என்கிறது.

ஆகவே சபையோரே, அடுத்த தேர்தலுக்கு உங்கள் சந்தியில் கூட்டம் போட வேட்பாளர் வருவார். மாலை போடுங்கள், பிளேன்டீ கொடுங்கள். அவர் பேசி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதிர்க்கட்சியில் நீங்கள் மதிக்கும் ஒருவர் யார்? அவர் செய்த எந்தக் காரியத்துக்காக?" பெயரும் காரியமும் சொல்கிறவர் பாராளுமன்றத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பார், நமக்காகப் பேரம் பேசவும் அவருக்கு ஆள் தெரியும். ஒருவருமே இல்லை என்று மார்தட்டுகிறவர் எந்தக் கட்சிக்காரர் ஆனாலும், நம் கட்சிக்காரரே ஆனாலும், அந்த வாக்கைக் கொஞ்சம் யோசித்துப் போடுங்கள். தேடுவது பயனுள்ள வேலையே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு விடைபெறுகிறேன்.